"திரும்பினாங்க"ன்னு எழுதுறதுக்கு முன்னாடி

பர்மாவுல, யாங்கோன்ல, எழுதுற தமிழாளுங்க நாங்க அஞ்சாறு பேரு ஞாயித்துக்கிழமை டீக்கடைல உக்காந்து எழுதினத வாசிச்சுக்காட்டுறது வழக்கம், போன வாரம் ஒரு தம்பி தன்னோட முதல் நாவல்ல கடைசி அத்தியாயத்த வாசிச்சாரு, எனக்குக் கேக்கக் கேக்க எரிச்சலாயிருச்சு, ஏன்னா நான் அடிச்ச அதே கூத்து. எழுத்துப்பிழை, வளவள வர்ணனையெல்லாம் எடிட்டர் பாத்துப்பாரு, விடுங்க. பர்மா தமிழாளுங்க கதைன்னு எழுதுறப்ப நாம பண்ற கூத்த மட்டும் ஒவ்வொண்ணா சொல்றேன்.

தாயகம் திரும்பினாங்க

1964 மார்ச்ல கடைங்கள பர்மா அரசாங்கம் எடுத்துக்கிச்சு, மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க, நம்மாளுங்க கூட்டம் கூட்டமா கப்பலேறினாங்க. "தாயகம் திரும்பியோர்"னு அதுக்கு ஒரு சர்க்கார் பேரு. என் நாவல்ல நாயகன் பர்மாவுல பெகுங்கிற ஊர்ல பொறந்தவன், தமிழ்நாட்ட கண்ணால பாத்ததில்ல. அவன கப்பல்ல ஏத்தி, மெட்ராஸ் கரை தெரியுது, விடியுது, "தாய்மண்ணுக்குத் திரும்பினான்"னு முடிச்சேன். நானே அழுதேன், பைத்தியம் அவ்வளவு முத்திப்போயிருந்துச்சு.

அப்ப அப்பத்தா இருந்துச்சு. வாசிச்சுக்காட்டினேன். வெத்தலைய ஒதுக்கிட்டு, "எவன்டா திரும்புனான்? எங்கண்ணன் அங்க போனதே அதான் மொதத் தடவ"ன்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "நாங்க இங்கயே கெடந்தோமே, எங்கள எந்தப் பக்கத்துல வச்சிருக்க?" எந்தப் பக்கத்துலயும் வைக்கல.

ஒத்தச் சொல்ல மாத்தினா தீந்துரும்னு நெனச்சேன், எங்க, 300 பக்கமும் அந்தச் சொல்லப் பாத்துத்தான் ஓடிட்டு இருக்கு, பர்மால நடக்குற ஒவ்வொரு சீனும் கப்பலுக்குக் காத்துக்கெடக்குற ஷெட்டு மாதிரி. மறுபடி எழுத ரெண்டு வருசம் போச்சு.

நிஜமா திரும்பப் பாத்தவங்க யாரு தெரியுமா, அங்க போய் ஒட்டாம, மணிப்பூர் வழியா பர்மாவுக்கே வந்துரலாம்னு கெளம்பி, எல்லைய தாண்ட முடியாம இந்தியப் பக்கத்து எல்லை ஊரான மோரேலயே தங்கிட்டவங்க, இன்னிக்கும் அங்க கோயில் கட்டிக் கும்பிட்டுட்டு இருக்காங்க. இங்க தங்கினவங்க 1982 குடியுரிமைச் சட்டம் வந்தப்ப பாட்டன் காலத்துக் காகிதத்த தேடி அலைஞ்சாங்க. விடியல மெட்ராஸ் கரைல வச்சுட்டா இவங்க யாருக்கும் கதைல எடமில்ல.

சாமி மாதிரி பாட்டி

வேணாம். அந்தப் பாட்டி சீட்டுக்காச அமுக்கினதையும் எழுதுங்க.

மொஹிங்காவுக்கு விளக்கம்

பர்மாக்காரங்க சாப்பிடுற மீன்குழம்பு நூடுல்ஸ்தான். கதைக்குள்ள அதுக்கு எதுக்கு விளக்கம், இட்லிக்கு எழுதுறோமா?

வீடே தமிழ் பேசுறது

பேரன் பர்மியத்துல கேப்பான், அப்பத்தா தமிழ்ல திட்டும், மருமக ரெண்டையும் கலந்து அடிக்கும், இதான் நம்ம வீடு. டிராஃப்ட்ல மட்டும் எல்லாரும் ரேடியோல செய்தி வாசிக்கிறாங்க.

தம்பிகிட்ட இவ்வளவும் சொன்னேன். "அப்ப கடைசி அத்தியாயத்த என்னண்ணே பண்றது?"ன்னாரு. கிழிச்சுட்டு, கப்பல வழியனுப்பிட்டு வீட்டுக்கு வந்தவங்கள்ட்ட இருந்து ஆரம்பிங்கன்னேன். மொறைச்சுட்டு டீக்குக் காசு குடுக்காமலே போயிட்டாரு.