ஆபாசப் படங்களுக்கு எதிரான விழிப்புணர்வுப் பக்கம்: புதிதாகத் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபாசப் படங்களின் தீங்கைப் பற்றிப் பேச ஒரு பேஸ்புக் பக்கமோ இன்ஸ்டாகிராம் பக்கமோ தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அக்கறையோடுதான் வருகிறார்கள். தாங்களே அந்தப் பழக்கத்தில் சிக்கி மீண்டவர்கள் உண்டு. வகுப்பில் ஏழாவது படிக்கும் பையன்கள் போனில் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து அதிர்ந்துபோன ஆசிரியர்களும் உண்டு. இந்த விஷயத்தில் அக்கறை மட்டும் போதாது. தவறாகக் கையாண்டால், யாருக்கு உதவ வந்தோமோ அவர்களுக்கே நம் பக்கம் கெடுதல் செய்துவிடும்.

முதல் பதிவுக்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: யாருக்காக எழுதுகிறோம்? ராத்திரி ஒரு மணிக்கு, பார்த்து முடித்த வெறுப்போடு, ‘இதை எப்படி விடுவது’ என்று தேடுகிற ஒருவர் இருக்கிறார். தன்னுடைய அந்தரங்க வீடியோ எங்கோ சுற்றுகிறது என்று தெரிந்து யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கிற பெண் இருக்கிறார். உங்கள் பக்கத்தின் உண்மையான வாசகர்கள் இவர்கள்தான். ‘சூப்பர் ப்ரோ, நெத்தியடி’ என்று கமெண்ட் போடுகிறவர்களுக்கு உங்கள் பக்கம் தேவையே இல்லை. நான் பார்த்தவரை, புதிய பக்கங்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தக் கைதட்டுக் கூட்டத்துக்காக எழுதுவதால் வருபவை.

படமும் பெயரும்

பலர் முதலில் சறுக்குவது படத்தில். தீங்கைப் பற்றிய பதிவுதானே என்று நினைத்து, மங்கலாக்கிய ஒரு படத்தையோ, கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்த ஒரு பெண்ணின் படத்தையோ முகப்பில் வைப்பார்கள். ‘மங்கலாத்தானே இருக்கு’ என்பது வைக்கிறவரின் சமாதானம். பழக்கத்தை விட்டுச் சில வாரமே ஆன ஒருவருக்கு அந்த மங்கலே போதும், மீதியை அவர் மனம் வரைந்துகொள்ளும். ஸ்க்ரோல் செய்துகொண்டிருந்தவரை நீங்களே பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்புகிறீர்கள்.

தளங்களின் பெயரைச் சொல்வதும் அப்படித்தான். ‘இந்த இந்தத் தளங்கள் நம் பிள்ளைகளைக் கெடுக்கின்றன’ என்று பட்டியல் போட்டால், அதுவரை அந்தப் பெயர்களைக் கேள்விப்படாத பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது வழிகாட்டி. நடிகைகளின் பெயர், டெலிகிராம் சேனல்களின் பெயர், எந்தச் சொல்லைப் போட்டால் எது வரும் என்ற விளக்கம், எதுவும் வேண்டாம். ஹேஷ்டேக்கையும் யோசித்துப் போடுங்கள். பரபரப்பான ஹேஷ்டேக்கைப் பிடித்து உள்ளே வருகிறவர்களில் பெரும்பகுதி வாசகர்கள் அல்ல, போலிக் கணக்குகள். பதிவு போட்ட கொஞ்ச நேரத்திலேயே ‘முழு வீடியோ பயோவில்’ என்று கமெண்ட் விழும். எச்சரிக்கைப் பதிவின் அடியிலேயே கடை விரித்தாயிற்று. அதனால் கமெண்டில் இணைப்புகளையும், இப்படி அடிக்கடி வரும் சொற்களையும் தானாக மறைக்கும் வசதியை முதல் நாளே போட்டுவிடுங்கள். கமெண்டுகளைப் பார்க்க நேரம் இல்லாத நாளில் பதிவு போடாதீர்கள்.

மூளை சுருங்கும் கதை

அடுத்தது அறிவியல். ஆபாசப் படம் பார்த்தால் மூளை சுருங்கிவிடும் என்று ஒரு கார்டு பல வருடங்களாகச் சுற்றுகிறது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பெரும்பாலும் பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு. 64 ஆண்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அதிக நேரம் பார்ப்பதாகச் சொன்னவர்களுக்கு மூளையின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் சாம்பல்நிறத் திசு குறைவாக இருந்தது. பார்த்ததால் குறைந்ததா, ஏற்கெனவே குறைவாக இருந்தவர்கள்தான் அதிகம் பார்க்கிறார்களா என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியாது. அதைச் செய்தவர்களே இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு என்றுதான் எழுதினார்கள். கார்டில் இந்த வரி மட்டும் காணாமல் போய்விடும்.

‘உண்மையோ பொய்யோ, பயந்தாவது விடட்டுமே’ என்று சிலர் கேட்பார்கள். அப்படி விடுவதில்லை. தன் மூளை ஏற்கெனவே கெட்டுப்போய்விட்டது என்று நம்புகிற இருபது வயதுப் பையன், இனி விட்டு என்ன பிரயோஜனம் என்ற முடிவுக்குத்தான் வருவான். இன்னொன்று, அவனே ஒருநாள் தேடிப் பார்த்து அந்தக் கார்டு மிகை என்று கண்டுபிடித்துவிட்டால், நீங்கள் சொன்ன உண்மைகளையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவான்.

‘அடிமை’ என்ற முத்திரையிலும் நிதானம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில், கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் குடி, சூதாட்டம் போன்ற அடிமைப் பழக்கங்களின் வரிசையில் அல்ல, உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் வரிசையில். அதைக் கோளாறு என்று சொல்ல, மாதக்கணக்கில் தொடர வேண்டும், படிப்போ வேலையோ உறவோ பாதிக்கப்பட வேண்டும், விட முயன்றும் முடியாமல் போக வேண்டும். ‘நான் செய்வது பாவம்’ என்ற மன உறுத்தல் மட்டும் இருந்தால் அதை நோய் என்று சொல்லக்கூடாது என்றும் அதில் தெளிவாக இருக்கிறது. இது ஒரு பக்கம் நடத்துகிறவருக்கு மிக முக்கியமான வரி. வாரத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் குற்ற உணர்வில் துடிப்பவரும், வேலை நேரத்திலும் நிறுத்த முடியாமல் பார்ப்பவரும் ஒன்றல்ல. இருவருக்கும் ‘நீ அடிமை’ என்று ஒரே அட்டையை நீட்டினால் முதலாமவருக்கு இல்லாத நோயைக் கொடுக்கிறோம், இரண்டாமவரை மருத்துவரிடம் அனுப்பத் தவறுகிறோம்.

அப்புறம், ஆதாரம் இல்லாத சதவீதங்கள். ‘இந்திய இளைஞர்களில் இத்தனை பேர்’ என்று எண் போட்டால் யார், எப்போது, யாரிடம் கேட்டு எடுத்த கணக்கு என்று சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் எண்ணை எடுத்துவிடுங்கள். பதிவு ஒன்றும் குறைந்துவிடாது.

லாட்ஜ் வைத்தியரின் மொழி

தமிழில் இந்தத் தலைப்பில் எழுதுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ‘இளமையில் செய்த தவறுகளால் நரம்புத் தளர்ச்சியா?’ என்று பஸ் ஸ்டாண்ட் சுவர்களிலும், ஊர் ஊராக லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர்களின் நோட்டீஸ்களிலும் பல தலைமுறையாகப் படித்து வளர்ந்திருக்கிறோம். அந்த மொழி நம் விழிப்புணர்வுப் பதிவுகளுக்குள் சுலபமாக நுழைந்துவிடுகிறது. ஆபாசப் படத்தின் தீங்கைச் சொல்ல வந்த பதிவு, விந்து விரயம், எலும்பு தேய்மானம், ஆண்மை போய்விடும், கல்யாணத்துக்குத் தகுதியில்லை என்று முடியும்.

சுயஇன்பத்தால் உடம்புக்குக் கேடு வரும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. விந்து போவதால் உடம்பு தளர்கிறது என்ற பயத்தினாலேயே உடல் சோர்வு, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று மருத்துவரிடம் வருகிறவர்கள் நம் நாட்டில் ஏராளம். அதற்கு 1960இலேயே மனநல மருத்துவர் என்.என். விக் ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார். அந்தப் பயத்துக்கு நம் பக்கம் தீனி போடக்கூடாது.

பக்கம் கொஞ்சம் வளர்ந்ததும் லேகியக்காரர்கள் தேடி வருவார்கள். ‘விட்ட பிறகு பழைய பலம் திரும்ப எங்கள் மருந்து, உங்கள் ஃபாலோயர்களுக்குத் தள்ளுபடி’ என்பார்கள். பாலியல் திறனைக் கூட்டுவதாகச் சொல்லும் மருந்து விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அது போக, பயந்தவரிடம் பணம் பறிப்பதற்கு நம் பக்கம் வாசலாக இருக்க வேண்டுமா? கமெண்டில் வந்து போன் நம்பர் போடுகிற ‘வைத்தியர்’களையும் உடனே நீக்கிவிடுங்கள்.

பழி பெண்கள் மேல் திரும்பும்போது

ஆண்கள் கூடும் கமெண்ட் பகுதியில் பேச்சு எப்படியும் ஒரு கட்டத்தில் பெண்களின் உடைக்கோ ரீல்ஸுக்கோ போய் நிற்கும். அட்மின் அதற்கு லைக் போட்டாலே பக்கத்தின் திசை மாறிவிடும். வீடியோக்களில் இருக்கும் பெண்களைக் கொச்சையாகத் திட்டுவதையும் அனுமதிக்காதீர்கள். ‘காசுக்காக வந்தவங்கதானே’ என்று ஒருவர் எழுதினால் பதில் சொல்ல ஒரு வழக்கு போதும்: மாடலிங் வேலை என்று விளம்பரம் கொடுத்து வரவைத்து, வீடியோ இணையத்தில் வராது என்று பொய் சொல்லிப் படமெடுத்ததாக அமெரிக்காவின் சான்டியாகோவில் 22 பெண்கள் ஒரு ஆபாசத் தளத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2020 ஜனவரியில் அவர்களுக்கு ஏறத்தாழ 1.27 கோடி டாலர் இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிட்டது. திரையில் தெரியும் சிரிப்பைப் பார்த்து யாருடைய சம்மதத்தையும் முடிவு செய்ய முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

‘நீதி வேண்டும்’ என்று பகிர்வது

மற்ற எல்லாத் தவறுகளையும் திருத்திக்கொள்ளலாம். இதை முடியாது. பெண்களைப் பாலியல் கொடுமை செய்து வீடியோ எடுத்து மிரட்டிய பொள்ளாச்சி சம்பவம் 2019இல் வெளியே வந்தபோது, அந்த வீடியோவின் துண்டுகளைக் கோபத்தில் பகிர்ந்தவர்கள் எத்தனை பேர். அந்தப் பெண் கெஞ்சும் குரல் வாட்ஸப்பில் வீடு வீடாகப் போனது. பகிர்ந்தவர்கள் பெரும்பாலும் குற்றவாளிகளுக்கு எதிரானவர்கள்தான். ஆனாலும் ஒவ்வொரு ஷேரும் அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் நடந்த கொடுமை. புகார் கொடுத்தவரின் பெயரை அதிகாரிகளே வெளியிட்டுவிட்டார்கள் என்பதற்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பெயர் வெளியாவது எவ்வளவு பெரிய கேடு என்பதற்கு அதுவே சாட்சி.

எனவே கசிந்த வீடியோ எதுவாக இருந்தாலும், முகத்தை மறைத்தும் போடாதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் போடாதீர்கள், ஊர், கல்லூரி, சாதி போன்ற அடையாளம் தரும் எதையும் எழுதாதீர்கள். சட்டமும் கடுமையானது. வெளிப்படையான பாலியல் காட்சியைப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவில் முதல்முறைக்கே 5 ஆண்டு வரை சிறை. விழிப்புணர்வுக்காகப் போட்டேன் என்ற நோக்கத்தை நம்பி இதில் இறங்காதீர்கள். குழந்தைகள் சம்பந்தப்பட்டதாக இருந்தால், பகிர்ந்தால்தான் குற்றம் என்பதில்லை. தேடினாலும், பதிவிறக்கினாலும் 67பி பிரிவு வரும். அப்படிப்பட்டதை வைத்திருப்பதும் பார்ப்பதும் குற்றமில்லை என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. ‘ஆதாரத்துக்காக சேவ் பண்ணி வைத்தேன்’ என்று யாரும் துணிய வேண்டாம். இணைப்பு வந்தால் அந்தக் கணக்கை அந்தந்தத் தளத்தில் ரிப்போர்ட் செய்துவிட்டு, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் சொல்லுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரை அங்கே பெயர் சொல்லாமலும் தரலாம்.

இன்பாக்ஸ்

பக்கம் நடத்துவதில் உண்மையான வேலை இங்கேதான். பதிவுகளுக்கு நூறு பேர் லைக் போடுவார்கள், அழுகிறவர்கள் இன்பாக்ஸுக்குத்தான் வருவார்கள். ‘அண்ணா, ஒருத்தன் வீடியோ கால்ல ரெக்கார்ட் பண்ணிட்டான், காசு கேக்குறான், வீட்டுக்குத் தெரிஞ்சா செத்துடுவேன்’ என்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு மெசேஜ் வந்தால் என்ன பதில் சொல்வீர்கள்? அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இப்படி இருக்கலாம்:

‘தம்பி, சொன்னது நல்லது. இதுல தப்பு மிரட்டுறவன் மேலதான். காசு அனுப்பாதே, அனுப்பினா இன்னும் கேப்பான். அவனை பிளாக் பண்றதுக்கு முன்னாடி சாட், நம்பர், காசு கேட்ட விவரம் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை, சாட்டை அழிச்சிடாதே. காசு போயிருந்தா இப்பவே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் பண்ணு. உனக்குப் பதினெட்டு ஆகலைன்னா குழந்தைகள் உதவி எண் 1098. மனசு தாங்கலைன்னா மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். வீட்ல நீ நம்புற ஒருத்தர்கிட்ட இன்னைக்கே சொல்ல முடியுமா?’

என்ன நடந்தது, என்ன காட்டினாய் என்று துருவிக் கேட்காதீர்கள். படத்தை ‘அனுப்பு, பார்க்கிறேன்’ என்று மறந்தும் சொல்லாதீர்கள். படம் பரவிவிடும் என்ற பயம் இருந்தால் ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற தளத்தைச் சொல்லலாம். படம் அவர் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து ஒரு எண் அடையாளம் மட்டும் உருவாகி பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும், அவை அந்தப் படம் ஏறாமல் தடுக்கப் பார்க்கும். பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதே மாதிரி ‘டேக் இட் டவுன்’ இருக்கிறது.

ஒரு சிறுவனோ சிறுமியோ தனக்கு நடந்த பாலியல் கொடுமையை உங்களிடம் சொன்னால், அதை மனதுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது போக்சோ சட்டத்தின் கட்டாயம். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று பதின்வயதுப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறாதீர்கள். ‘உனக்கு ஆபத்து என்றால் உதவி செய்யக்கூடியவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்’ என்று முதலிலேயே சொல்லுங்கள். பெயரை மறைத்தாலும் இன்பாக்ஸ் மெசேஜை ஸ்க்ரீன்ஷாட்டாகப் பதிவு போடாதீர்கள். எழுதியவர் தன் சொற்களைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார், இனி யாரிடமும் வாய் திறக்கமாட்டார்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விட்டு ஒரு வாரமே ஆனவர் உற்சாகத்தில் பக்கம் தொடங்குவது அடிக்கடி நடக்கிறது. ஆறு மாதம் பொறுங்கள் என்பது என் கருத்து. ‘ஆராய்ச்சி’ என்று சொல்லி அந்தத் தளங்களுக்குள் போக வேண்டிய தேவை இந்தப் பணியில் எங்கேயும் இல்லை. தனி ஆளாகவும் நடத்தாதீர்கள். இன்னொரு அட்மின் இருக்கட்டும், முடிந்தால் ஒரு பெண்ணாக இருக்கட்டும், ஏனென்றால் பெண்கள் எழுதும் மெசேஜ்களில் பல ஓர் ஆணிடம் சொல்லக் கூசுபவை. மனநல மருத்துவர் ஒருவரின் எண்ணை, அவரிடம் கேட்டு, கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே தடுமாறும் வாரம் வந்தால் பாஸ்வேர்டை அந்த இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருங்கள். பதிவு வராவிட்டால் பரவாயில்லை, இன்பாக்ஸை மட்டும் அவர் பார்த்துக்கொள்ளட்டும்.