விலை கூடின மணிக்கூடு வாங்க முதல் பேரை மறைச்சுட்டுப் பாக்கிறது எப்பிடி

மூண்டு வருசத்துக்கு முதல் நானும் "லிமிட்டட்" எண்ட ஒரு சொல்லுக்காகவே ஒரு வோச் வாங்கினனான், பின்பக்கத்தில 30 மீற்றர் எண்டு இருந்திச்சு, அப்ப முங்கலாம் தானே எண்டு நிலாவெளில கட்டிக்கொண்டே குளிச்சன், அடுத்த நாள் காலமை பாத்தா கண்ணாடிக்கு உள்பக்கம் பனி பிடிச்ச மாதிரி. மாமா சவுதில கன காலம் இருந்தவர், கையில இன்னும் அப்ப வாங்கின சீக்கோ 5 தான். அவர் ஒண்டும் சொல்லேல்ல, சிரிச்சார்.

ஸ்டெப் 1: டயலில இருக்கிற பேரைப் பெருவிரலால மறையுங்கோ. பிறகு உள்ள ஓடுறது என்ன மெஷின் எண்டு கேளுங்கோ. ஈடிஏ, செலிட்டா எண்ட சுவிஸ் கம்பனியள் செய்யிற மெஷினைத்தான் கனக்க பிராண்ட் வாங்கிப் போடுறவை, அது குறையில்ல, நல்ல மெஷின், ஆனா அதே மெஷின் அரைவாசி விலைக்கு வேற பேரில வருதெண்டா மிச்சக் காசு எதுக்கு எண்டு கடைக்காரரிட்ட கூச்சப்படாமக் கேளுங்கோ.

ஸ்டெப் 2: இதில அவசரப்படாதேங்கோ. நகைக்கடைக்காரர் கண்ணில வைக்கிற வில்லை ஒண்டு, 10 மடங்கு காட்டுறது, கையோட கொண்டு போங்கோ. முள்ளின்ர ஓரம் பிசிறில்லாம இருக்கோ, டயல் எழுத்து ஊறிக் கிடக்கோ எண்டு பாருங்கோ. பிறகு வோச்சின்ர பக்கவாட்டைக் கடை ரியூப் லைற்றுக்கு நேர பிடிச்சு மெதுவா திருப்புங்கோ, தட்டையா இருக்க வேண்டிய இடத்தில வெளிச்சக் கோடு வளையாம ஓடினா மினுக்கினவன் கைகாரன். சீக்கோவின்ர விலை கூடின வரிசையான கிராண்ட் சீக்கோவில "சரட்சு" எண்டு சொல்லுறது இந்த மினுக்கலைத்தான். மினுக்கின பக்கமும் கோடு போட்ட பக்கமும் சந்திக்கிற மூலை கத்தி மாதிரி இருக்கோணும், சவர்க்காரக் கட்டி மாதிரி உருண்டிருந்தா விலையைத் திரும்ப யோசியுங்கோ.

ஸ்டெப் 3: குமிழைத் திருப்பி நேரம் வையுங்கோ. நிமிச முள்ளு துள்ளாம நகரோணும். காதில வைச்சும் பாருங்கோ, மெஷின் மணிக்கு 28,800 தரம் டிக் எண்டு அடிக்கிறதெண்டா செக்கனுக்கு 8 தரம், கிட்டத்தட்ட ஒரே இரைச்சல் மாதிரிக் கேக்கும்.

ஸ்டெப் 4: விலை ஏன் ஏறினது எண்டு பாருங்கோ. படேக் பிலிப் எண்ட சுவிஸ் கம்பனி தன்ர நாட்டிலஸ் 5711 வோச்சை நிப்பாட்டப் போகுது எண்டு 2021ல தெரிய வந்ததும் அது கைமாறி விக்கிற விலை எங்கயோ போச்சு, 2022க்குள்ளயே இறங்கவும் தொடங்கிட்டுது, உள்ள ஒரு பல்லுச் சக்கரமும் மாறேல்ல. நல்ல வேலைப்பாடுதான், அதில சந்தேகமில்ல. ஆனா ஏறின காசு வேலைப்பாட்டுக்கு இல்ல.

ஸ்டெப் 5: 30 மீற்றர் எண்டா கை கழுவலாம், மழைத் துளி படலாம், அவ்வளவுதான். நம்மட திருகோணமலைக் கடலுக்கு 100 மீற்றரும் திருகி இறுக்கிற குமிழும் வேணும். குளிச்சுட்டு வந்தா நல்ல தண்ணில ஒருக்கா கழுவுங்கோ, குமிழ் இறுகி இருக்கோ எண்டு பாத்துட்டு.