பவளத் தொட்டியில் லிம்பெட்டா? முதலில் ஓட்டின் உச்சியைப் பாருங்கள்

ரீஃப் டேங்கில், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், கூம்பு ஓட்டோடு ஒட்டியிருக்கும் லிம்பெட் என்ற கடல் நத்தையைக் கண்டதும் பிடுங்காதீர்கள். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்பு வெளிச்சத்தில் ஓட்டின் உச்சியைப் பாருங்கள். அங்கே துளை இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். பாறையிலும் கண்ணாடியிலும் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும் நல்ல வேலைக்காரர் அது. உச்சியில் சின்னத் துளை இருந்தால் அது கீஹோல் லிம்பெட். அவற்றிலும் பல பாசிதான் தின்னும், ஆனால் சில வகைகள் மென்பவளங்களையும் கடற்பஞ்சையும் கடிக்கும். அதனால் சில இரவுகள் கவனியுங்கள். பவளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்து, மறுநாள் அதே இடத்தில் சதை குறைந்திருந்தால் எடுத்துவிட வேண்டியதுதான்.

எடுப்பதற்கும் இரவுதான் நேரம். ஊர்ந்துகொண்டிருக்கும்போது, பழைய பிளாஸ்டிக் கார்டை அதன் அடியில் ஒரே வீச்சில் நுழைத்துத் தள்ளுங்கள். தயங்கித் தயங்கித் தொட்டால் தன் பாதத்தை இறுக்கி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் இழுத்தால் உடல் கிழியும். கொல்ல வேண்டாம், பாசி உள்ள சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டும் துணைத் தொட்டியில்) விட்டால் அங்கே பிழைத்துக்கொள்ளும்.

பாறை இடுக்கில் இருப்பதற்கு இந்த வழி ஒத்துவராது. லிம்பெட் ஏறாத பவளங்களும் சேர்ந்து சுருங்கினால் லிம்பெட்டைச் சந்தேகிக்காமல் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்: உப்பளவு, காரத்தன்மை, நைட்ரேட்.