வண்டி வாங்காமல் சென்னையில் காலம் தள்ளுவது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 'பஸ்ஸில் போங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள்' என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. எனக்குக் கார் கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது, ஓட்டவும் தெரியாது. வயது ஐம்பது. வீடு பெரம்பூரில். வேலை டைடல் பார்க் சிக்னல் பக்கம் ஓர் அலுவலகத்தில், கணக்குப் பிரிவு. தினமும் வடசென்னையில் கிளம்பித் தென்சென்னை வரை போய்த் திரும்புகிறவள். வண்டி இல்லாமல் இந்த ஊரில் தாராளமாக வாழலாம், ஆனால் காசுக்குப் பதில் நேரத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தைக் கொஞ்சமாவது குறைக்கும் வழிகளைச் சொல்கிறேன். அது எங்கே போகிறது என்பதையும் நடுநடுவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்கும்போதே தொடங்கிவிடுங்கள்

வாடகைக்கோ சொந்தத்துக்கோ வீடு பார்த்தால், இரண்டு வேறு வழிகள் கைக்கெட்டும் இடமாகப் பாருங்கள். ரயிலும் பஸ்ஸும், இல்லை மெட்ரோவும் பஸ்ஸும். ஒன்றை மட்டும் நம்பினால் அது நிற்கும் நாளில் நீங்களும் நிற்பீர்கள். எனக்கு இது சும்மா தோன்றிய யோசனை இல்லை. பெரம்பூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கே சுரங்கப்பாதை வழியாக நடந்து பூங்கா நகர், அங்கிருந்து பறக்கும் ரயிலில் திருவான்மியூர், இதுதான் என் பழைய வழி. 2023 ஆகஸ்டில் கடற்கரை - எழும்பூர் நான்காவது பாதைக்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். மறுபடி ஓடியது 2024 அக்டோபர் கடைசியில். அந்தக் காலம் முழுக்க என்னைக் காப்பாற்றியது 29சி பஸ்.

தரகர் 'ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம்' என்பார். அவர் சொல்வது பைக்கில். நீங்கள் ராத்திரி எட்டரைக்கு மேல் அந்தத் தூரத்தை நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, நடைபாதை இருக்கிறதா, இருந்தால் அதில் நிற்பது மனிதரா காரா, மழை பெய்த மறுநாள் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். எங்கள் பக்கம் கணேசபுரம் சுரங்கப்பாதை மழைக்கு முங்கினால் பஸ் சுற்றிப் போகும். இதையெல்லாம் எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள்.

இன்னொன்று, மெட்ரோ வரும் என்ற பேச்சு அடிபட்டாலே வாடகை ஏறிவிடும். ரயில் போடுவது நம் வரிப்பணம், ஏறுகிற நிலவிலை நிலம் வைத்திருப்பவருக்கு. வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் 2007இல் வந்தது. அங்கிருந்து பரங்கிமலை 5 கிலோமீட்டர்தான். 2008இல் வேலை தொடங்கியது, 2010இல் முடிந்திருக்க வேண்டும். கடைசி அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கு எவ்வளவு இழப்பீடு என்ற வழக்கில் ஆண்டுக்கணக்காக நின்றது. நிலத்துக்காரர்களை நான் திட்ட மாட்டேன், சந்தை விலை கேட்டார்கள், அவ்வளவுதான். ரயில் வரும் என்பதால் விலை ஏறுகிறது, விலை ஏறியதால் ரயில் வர முடியவில்லை! அதே காலத்தில் வேளச்சேரி விஜயநகரில் இரண்டடுக்கு மேம்பாலம் கட்டி, 2022க்குள் இரண்டு அடுக்கையும் திறந்துவிட்டார்கள். வண்டிக்காரர்களுக்கு என்றால் மட்டும் வேலை எப்படி முடிகிறது பாருங்கள்.

பஸ்ஸைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தடம் எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், சந்திப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டிலிருந்து வேலைக்கு ஒரே பஸ் தேடினால் அரை மணி நிற்க வேண்டிவரும். 29சி பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகிறது, 23சி அயனாவரத்திலிருந்து அதே பெசன்ட் நகருக்கு. கடைசியில் இரண்டுக்கும் அடையாறு பொது. அடையாற்றிலிருந்து திருவான்மியூர்ப் பக்கம் போக எதிலும் ஏறலாம். இப்படி உங்கள் பாதையில் பல தடங்கள் சேரும் இரண்டு மூன்று இடங்களைக் கண்டுபிடியுங்கள். பாரிமுனை, ஜெமினி, கிண்டி, சென்ட்ரல் எல்லாம் அந்த ரகம். அந்த இடம் வரை எந்த எண் வந்தாலும் ஏறிவிடுங்கள்.

போர்டில் எண்ணோடு 'கட்' என்று இருந்தால் அது பாதி வழியில் திரும்பிவிடும். ஏறும்போதே கண்டக்டரிடம் "முழுசாப் போகுமா?" என்று கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். அப்புறம், ரொம்ப நேரம் பஸ்ஸே வராமல் ஒரே எண் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலில் வருவதில் தொங்காதீர்கள், மூன்றாவதில் உட்கார இடம் இருக்கும். முன்னால் போகிறது தாமதமானதும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் கூடுகிறது, ஆள் கூடக்கூட இன்னும் தாமதமாகிறது. பின்னால் வருபவை காலியாகவே வந்து அதை எட்டிப்பிடித்துவிடும். பஸ்ஸுக்குத் தனித் தடம் இருந்தால் இது பாதி குறையும். இங்கே ஐம்பது பேர் இருக்கும் பஸ், ஒற்றை ஆள் உட்கார்ந்த காருக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது.

எண்ணிக்கையே போதாது என்பது தனி. லட்சம் பேருக்கு 60 பஸ் வேண்டும் என்பது மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் அளவுகோல். பெருநகரப் பகுதியில் ஒரு கோடிக்கு மேல் இருக்கிறோம், மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பது சுமார் 3,400. இத்தனைக்கும் எண்ணூரில் பஸ் சேசிஸ் செய்து நாடெங்கும் அனுப்புகிற ஊர் இது.

டிக்கெட், பாஸ்

பெண்கள் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே முதல் இலவசம். முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்திருக்கும். கூச்சப்படாமல் ஏறுங்கள், சீட்டை மறக்காமல் வாங்குங்கள், எத்தனை பேர் போனோம் என்பதற்கு அதுதான் கணக்கு. 'ஓசி டிக்கெட்' என்று யாராவது முனகினால், தெருவில் அவர் கார் நிற்கிற இடத்துக்கு மாதம் என்ன வாடகை கொடுக்கிறார் என்று கேளுங்கள். நான் ஒருமுறை கேட்டேன், அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். ஒருவேளை அதுதான் அவர் இறங்க வேண்டிய இடமோ என்னவோ!

மற்றவர்களுக்கு 1,000 ரூபாய் மாத பாஸ் இருக்கிறது, குளிர்சாதனம் இல்லாத எந்தப் பேருந்திலும் செல்லும். ஏசி பஸ்ஸும் சேர்த்து 2,000 ரூபாய். மின்சார ரயிலில் குறைந்தபட்சம் 5 ரூபாய், சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் மலிவு. இந்த ஊரில் நேரத்துக்கும் காசுக்கும் சேர்த்து லாபம் அதுதான், கடற்கரை - தாம்பரம் பாதையில் 1931 முதல் ஓடுகிறது. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் சீட்டு எடுக்க 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்தது. போனில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கையில் பத்து ரூபாய்ச் சில்லறையும் இருக்கட்டும்.

கார்க் கடன் போன் வரும்போது

மாதம் தவறாமல் வரும். எனக்கு வருகிற போனில் "உங்களுக்காகவே ஒதுக்கிவைத்த கடன் மேடம்" என்பார்கள். பேசிவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள். 7 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 14,500 ரூபாய். பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் தனி. நான் பாஸ் எடுத்து, வாரம் இரண்டு மூன்று முறை ஆட்டோவில் போய், வருஷத்துக்கு ஒருமுறை டாக்சி வைத்துக் குடும்பத்தோடு கும்பகோணம் போய்வந்தாலும் அதில் கால்வாசியைத் தொடமாட்டேன்.

ஆனாலும் ஜனங்கள் ஏன் வாங்குகிறார்கள்? முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். 2018 ஜனவரியில் பஸ் கட்டணம் ஏறியபோது எங்கள் தெருவில் தவணையில் பைக் எடுத்தவர்கள் எனக்குத் தெரியும். அவர்கள் கணக்கு சரிதான். கூட்டம் குறைந்தது, வருமானம் போதவில்லை, போதவில்லை என்று பஸ் குறைந்தது, குறைந்ததால் இன்னும் நாலு பேர் பைக் எடுத்தார்கள்.

1991இல் நான் பதினொன்றாம் வகுப்பு. நாட்டின் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார்கள், இனிப் பணம் வரும், பணம் வந்தால் எல்லாம் நன்றாகிவிடும் என்று எங்கள் வாத்தியார் சொன்னார், நானும் நம்பினேன். பணம் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை வந்தது, ஓ.எம்.ஆர். என்கிற பழைய மாமல்லபுரம் சாலை ஆறு வழிச்சாலை ஆனது. நான் வேலை செய்யும் கட்டடத்தில் இரண்டு அடுக்குக்குக் கார் நிறுத்த நிலத்தடி இருக்கிறது, வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் கூரை இல்லை. மேலாளருக்குக் கார்ப்படி உண்டு. பாஸுக்குப் படி கேட்டு எழுதிக் கொடுத்தேன், 'கொள்கையில் இடமில்லை' என்று பதில் வந்தது. லாபத்தை நம்பிப் பொதுப் போக்குவரத்தை விட்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1895இல் இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் ஓடியது இங்கேதான். நடத்திய கம்பெனி நொடித்தது, 1953இல் டிராமும் நின்றது.

அம்மா, மூட்டை, மழை

மூட்டு வலிக்காரர்களைப் பஸ்ஸில் ஏற்றி வீரம் காட்டாதீர்கள். தாழ்தளப் பேருந்து வரும் தடமாக இருந்தால் சரி, இல்லாவிட்டால் ஆட்டோதான். தெருமுனை ஸ்டாண்டில் ஒரு நிதானமான டிரைவரைப் பழக்கம் பிடித்து வையுங்கள். செயலியில் மழைக்கு விலை ஏறும், தெரிந்தவர் அதே காசுக்கு வருவார், தீபாவளிக்கு இனிப்பு கொடுத்தால் போதும். அரிசி மூட்டையைக் கடைக்காரரே கொண்டுவந்து போடுவார். பறக்கும் ரயில் நிலையங்கள் பெரிசு, ராத்திரியில் ஆள் நடமாட்டம் குறைவு. பெண்கள் பெட்டியில் ஏறி, இறங்கியதும் கூட்டத்தோடு சேர்ந்தே வெளியே வாருங்கள்.

கேள்வி கேட்டு எழுதுங்கள்

பஸ் வரவில்லை என்று நிறுத்தத்தில் புலம்பி என்ன பயன்? தடம் எண், நிறுத்தம், நேரம் மூன்றையும் ஒரு மாதம் குறித்து வையுங்கள். அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 'ஏன் பஸ் வரவில்லை' என்று கேட்டால் 'போதுமான பேருந்துகள் இயக்கப்படுகின்றன' என்றுதான் வரும். இப்படிக் கேளுங்கள்: இந்தத் தடத்தில் இந்த மாதம் தினசரி எத்தனை நடை ஒதுக்கப்பட்டது, எத்தனை நடை ஓடியது, ஓடாததற்குக் காரணம் ஆள் பற்றாக்குறையா, வண்டிப் பழுதா? 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். பதிலையும் உங்கள் குறிப்பையும் சேர்த்து நகல் எடுத்து வார்டு கவுன்சிலருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுங்கள். கூடவே அதே நிறுத்தத்தில் நிற்கும் நாலு பேரிடமாவது கையெழுத்து வாங்குங்கள். அதற்கு எட்டே முக்கால் மணி நல்ல நேரம், எல்லோரும் எரிச்சலில் இருப்பார்கள்.