லேசான ஸ்போர்ட்ஸ் காரில் கிளட்ச் ஏர் எடுப்பது எப்படி?

ரிவர்ஸ் போடும்போது 'கர்ர்' என்று பல் உரசுகிறது. ஒரு தடவை மிதித்தால் முதல் கியர் விழ மாட்டேன் என்கிறது. விறுவிறுவென்று மூன்று தடவை மிதித்துவிட்டுப் போட்டால் சத்தமில்லாமல் விழுகிறது. பெடல் தரையை ஒட்டி வந்த பிறகுதான் கிளட்ச் விடுபடுகிறது. இவை சேர்ந்து வந்தால், கிளட்ச் பிளேட்டைக் குறை சொல்வதற்கு முன் கிளட்சின் ஆயில் குழாய்க்குள் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸை இறக்குவது ஒரு நாள் வேலை. ஏர் எடுப்பது ஒரு மணி நேர வேலை.

மாஸ்டா எம்எக்ஸ்-5 போல முன்னால் எஞ்சினும் பின்சக்கர இயக்கமும் உள்ள, ஸ்லேவ் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் சிலிண்டர்) கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கும் கார்களுக்கு இந்த முறை நேராகப் பொருந்தும். மற்ற அமைப்புகளில் எது மாறும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

காற்று தானாக வராது

கிளட்ச் ஹைட்ராலிக் மூடிய அமைப்பு. அதற்குள் காற்று போயிருந்தால் ஏதோ ஒரு பாகத்தைக் கழற்றியிருக்க வேண்டும், மேலே ஆயில் ஊற்றி வைக்கும் கிண்ணத்தில் ஆயில் தீர்ந்திருக்க வேண்டும், அல்லது ஒரு சீல் தேய்ந்திருக்க வேண்டும். மூன்றாவது காரணம் என்றால் இன்று ஏர் எடுத்தாலும் அடுத்த வாரம் மறுபடி அதே நிலைதான். அதனால் ஸ்பேனரைத் தொடும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் ஸ்லேவின் ரப்பர் உறை. அதன் ஓரத்தை விரலால் மெல்ல விலக்குங்கள். உள்ளே ஈரமோ, கறுப்புச் சகதியோ வழிந்தால் ஸ்லேவின் சீல் போய்விட்டது. அடுத்து, காருக்குள் கிளட்ச் பெடலுக்கு மேலே மாஸ்டரின் (பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் சிலிண்டர்) தள்ளுகம்பி வரும் இடம். அங்கே ஈரம் இருந்தாலோ, கீழே விரிப்பு பிசுபிசுத்தாலோ மாஸ்டர் கசிகிறது. மூன்றாவது கிண்ணத்தில் உள்ள ஆயிலின் மட்டம்.

மட்டத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. பிரேக்கில் பேட் தேயத் தேய கிண்ணத்தில் ஆயில் இறங்கும், அது இயல்பு. ஆனால் வழக்கமான தள்ளுவகைக் கிளட்சில் பிளேட் தேயத் தேய ஸ்லேவ் பிஸ்டன் உள்ளே தள்ளப்படுவதால் மட்டம் கொஞ்சம் ஏறும். ஆகவே கிளட்ச் கிண்ணத்தில் மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது என்றே பொருள். "தேய்மானத்தால் குறைந்திருக்கும்" என்று மேலே ஊற்றி மூடிவிடாதீர்கள்.

நான்கு மில்லி கணக்கு

மாஸ்டரின் உள்விட்டம் 16 மிமீ, ஸ்லேவின் உள்விட்டம் 19 மிமீ, முழு மிதிக்கு மாஸ்டர் பிஸ்டன் 20 மிமீ நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மிதிக்கு நகரும் ஆயில் சுமார் 4 மில்லி, ஒரு தேக்கரண்டி கூட இல்லை. அந்த 4 மில்லி ஸ்லேவ் பிஸ்டனை 14 மிமீ தள்ளும். உள்ளே வெறும் 1 மில்லி காற்று இருந்தால் அழுத்தத்தில் அது ஏறக்குறைய முழுவதும் சுருங்கி, ஸ்லேவின் ஓட்டத்தில் மூன்றரை மிமீயை விழுங்கிவிடும். கால்வாசி போயிற்று. பெரிய மாஸ்டர் உள்ள அமைப்பு இதைத் தாங்கிக்கொள்ளலாம்; சிறிய கிளட்சும் சிறிய சிலிண்டரும் உள்ள லேசான கார் தாங்காது.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. உள்விட்டம் சுமார் 3.4 மிமீ உள்ள சாதாரண இரும்புக் குழாயில் 4 மில்லி ஆயில் என்பது 45 சென்டிமீட்டர் நீளம். ஒரு மிதிக்கு அவ்வளவு தூரம்தான் குமிழி நகரும். லோட்டஸ் எலிஸ் போல பெடல் முன்னாலும் கியர்பாக்ஸ் பின்னாலும் உள்ள காரில் 3 மீட்டர் குழாயைக் கடக்கவே ஏழு மிதி வேண்டும். நாலு தடவை மிதித்துவிட்டு "காற்று வரவில்லை, சுத்தமாக இருக்கிறது" என்று நிப்பிளை (காற்றை வெளியே விட ஸ்லேவில் உள்ள சிறு திருகு) மூடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

எந்த ஆயில், என்னென்ன பொருள்

'கிளட்ச் ஆயில்', 'பிரேக் ஆயில்' என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் இது ஆயிலே அல்ல. கிளைக்கால் வகைத் திரவம். பெயரை நம்பி எஞ்சின் ஆயிலையோ ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப் பருத்து, மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். கிண்ண மூடியில் அச்சிட்டிருப்பதையே வாங்குங்கள். பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. டாட் 3, 4, 5.1 மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும். டாட் 5 மட்டும் சிலிக்கோன். 5-ஐயும் 5.1-ஐயும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டாட் 5 மற்றவற்றோடு சேரவே கூடாது. அரை லிட்டர் தாராளம். சீல் உடைக்காத பாட்டிலாக இருக்கட்டும்: இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி.

நிப்பிளுக்குச் சரியான அளவில் ரிங் ஸ்பேனர் வேண்டும். 8 மிமீ அல்லது 10 மிமீயாக இருக்கும். ஓபன் ஸ்பேனர் வேண்டவே வேண்டாம், இறுகிய நிப்பிளின் முனைகளை அது மழித்துவிடும். நிப்பிள் மேல் இறுக்கமாக உட்காரும் ஒளி ஊடுருவும் குழாய் அரை மீட்டர், ஒரு சிறிய கண்ணாடி பாட்டில், துணி, ஒரு வாளித் தண்ணீர், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. ஜாக் தூக்குவதற்கு மட்டும். காருக்குக் கீழே போகும்போது கார் ஸ்டாண்டுகள் மேல் நிற்க வேண்டும்.

தண்ணீர் எதற்கு என்றால், இந்தத் திரவம் பெயிண்டை அரித்துவிடும். துடைத்தால் பரவும், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும். கிண்ணத்தைச் சுற்றி ஈரத்துணி விரித்துவிட்டே மூடியைத் திறங்கள்.

செய்முறை: இரண்டு பேர் முறை

1. சமதளத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, முடிந்தால் நாலு மூலையும் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் ஸ்லேவ் இன்னும் கீழே போய், காற்றுக்கு மாஸ்டர் பக்கம் ஏறுவது சுலபமாகிவிடும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்.

2. கிண்ணத்தின் மூடியையும் சுற்றுப்புறத்தையும் துடைத்த பின் திறங்கள். பழைய ஆயில் கன்னங்கரேலென்று இருந்தால் ஒரு சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். அடியில் உள்ள துளை வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் உறிஞ்ச வேண்டாம்.

3. ஸ்லேவின் நிப்பிள் மேலுள்ள ரப்பர் தொப்பியை எடுங்கள். முதலில் ரிங் ஸ்பேனரை மாட்டுங்கள், அதன் மேல் குழாயைச் செருகுங்கள். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் உள்ளே போகாது. பாட்டிலில் இரண்டு விரல் உயரம் புது ஆயில் ஊற்றி, குழாயின் மறுமுனை அதில் மூழ்கியிருக்கும்படி வையுங்கள். இறுகிப்போன நிப்பிளைப் பலம் போட்டுத் திருகாதீர்கள். துருநீக்கி தெளித்துப் பத்து நிமிடம் விட்டு, முதலில் இறுக்கும் பக்கம் லேசாக அசைத்து, பிறகு அவிழுங்கள்.

4. உள்ளே இருப்பவர் பெடலை நிதானமாக அடிவரை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே இருப்பவர் "அழுத்து" என்பார். மேலே இருப்பவர் "அழுத்திட்டேன்" என்ற பிறகே நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். ஆயில் பாயும், பெடல் தொய்ந்து தரையில் ஒட்டும்.

5. நிப்பிளை மூடுங்கள். மூடிய பிறகு "விடு" என்று சொல்லுங்கள். இந்த வரிசை மாறினால் பெடல் மேலே வரும்போது நிப்பிள் வழியே காற்றை உறிஞ்சிக்கொள்ளும். அதுவரை செய்த வேலை வீண்.

6. கிளட்ச் பெடல் சில சமயம் தானாக மேலே வராது. பயப்பட வேண்டாம், காலை அடியில் கொடுத்தோ கையாலோ மெதுவாகத் தூக்குங்கள். மேலே வந்த பின் இரண்டு மூன்று விநாடி காத்திருங்கள். மாஸ்டர் கிண்ணத்திலிருந்து நிரம்ப அந்த நேரம் தேவை.

7. இதையே தொடருங்கள். ஐந்து மிதிக்கு ஒரு தடவை கிண்ணத்தைப் பாருங்கள். ஐந்து மிதி என்றால் 20 மில்லி. கிளட்சுக்கென்று தனிக் கிண்ணம் உள்ள கார்களில் அது சின்னஞ்சிறு கிண்ணம், அதற்கு 20 மில்லி பெரிய அளவு. பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

8. குழாயில் முதலில் பெரிய குமிழிகள் வரும், பிறகு ஊசிமுனை போலச் சின்னவை, பிறகு தேநீர் நிறத்தில் ஆயில், கடைசியில் தெளிவான ஆயில். தெளிந்த பிறகும் இன்னும் பத்து மிதி. மொத்தம் 150 முதல் 200 மில்லி வரை ஓடவிட்டால் போதும்.

9. நிப்பிளை இறுக்குங்கள்: பொதுவாக 6 முதல் 9 நியூட்டன் மீட்டர், உங்கள் கார் கையேட்டில் சரியான எண் இருக்கும். ஸ்பேனரை நடுவில் பிடித்து விரல் பலத்தில் இறுக்கினாலே கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும். இதற்கு மேல் போனால் நிப்பிள் முறியும், முறிந்தால் புது ஸ்லேவ்தான். தொப்பியை மாட்டி, கிண்ணத்தை மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பி மூடுங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால்

காற்று மேலே போகப் பார்க்கும். நாமோ அதைக் கீழே இருக்கும் ஸ்லேவுக்குத் தள்ளுகிறோம். குழாய் ஏதாவது ஒரு இடத்தில் மேடாக வளைந்திருந்தால் குமிழி அங்கே போய் ஒட்டிக்கொண்டு, மெதுவான மிதிக்கு அசையாது. அப்போது எதிர்த்திசையில் தள்ளுவதே நல்லது. கிண்ணத்தில் பாதி ஆயிலை உறிஞ்சிவிட்டு, 60 மில்லி சிரிஞ்சில் புது ஆயில் நிரப்பி, சிரிஞ்சையும் குழாயையும் குமிழியில்லாமல் செய்து நிப்பிளில் மாட்டுங்கள். நிப்பிளைத் திறந்து மெதுவாக மேல்நோக்கித் தள்ளினால் கிண்ணத்தில் குமிழிகள் பொங்கும். யாராவது ஒருவர் மேலே நின்று கிண்ணம் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே கெடுதல், ஸ்லேவில் இருக்கும் அழுக்கும் மாஸ்டருக்குப் போகும். அதனால் முதலில் பழைய ஆயிலைக் கீழ்வழியே வெளியேற்றிவிட்டு இதைச் செய்யுங்கள்.

ஸ்லேவிலேயே காற்று தங்குவதும் உண்டு. சில கார்களில் நிப்பிள் சிலிண்டரின் உச்சியில் இருக்காது. இரண்டு போல்ட்டைக் கழற்றி, ஹோஸ் மாட்டியபடியே ஸ்லேவை வெளியே எடுத்து, நிப்பிள் மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்து, தள்ளுகம்பியைக் கையால் முழுவதும் உள்ளே அழுத்தினால் உள்ளே தங்கிய காற்று மேலேறிக் கிண்ணத்துக்குப் போகும். ஸ்லேவ் வெளியே இருக்கும்போது யாரும் பெடலைத் தொடக் கூடாது. பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு போல வெளியே வந்து விழும்.

கையால் உறிஞ்சும் வாக்குவம் பம்ப் ஒருவராகச் செய்ய வசதி. ஆனால் குமிழி வந்துகொண்டே இருக்கும், நிற்கவே நிற்காது. பெரும்பாலும் அது உள்ளிருந்து வரும் காற்று அல்ல, திறந்த நிப்பிளின் மரை வழியே நுழையும் வெளிக்காற்று. மரையின் மேல்பகுதியில் மட்டும் கிரீஸ் தடவினால் அது குறையும். கூம்பு முனையில் படக்கூடாது. கிண்ணப் பக்கமிருந்து அழுத்தம் கொடுக்கும் கருவி இருந்தால் அதுவே சிறந்தது. அழுத்தத்தை ஒரு 'பார்' அளவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். அது பிளாஸ்டிக் கிண்ணம்.

பிரேக்கும் கிளட்சும் ஒரே கிண்ணத்தைப் பகிரும் கார்களில், கிளட்சுக்குப் போகும் குழாய் பெரும்பாலும் கிண்ணத்தின் பக்கவாட்டில் சற்று மேலே இருக்கும். பிரேக்குக்கு ஆயில் மீதி இருக்கட்டும் என்ற ஏற்பாடு அது. கிண்ணத்தில் நிறைய இருப்பது போலத் தெரிந்தாலும் அந்த மட்டத்துக்குக் கீழே போனதும் கிளட்ச் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும்.

கியர்பாக்ஸ் உறைக்குள்ளேயே ஸ்லேவ் இருக்கும் வகையில் நிப்பிள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முறை அதேதான், மிதி மட்டும் மெதுவாக. அங்கே ஸ்லேவ் கசிந்தால் கியர்பாக்ஸை இறக்காமல் தீராது.

சோதனை

காரை இறக்கி, எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் கிளட்சை ஒரே தடவை மிதியுங்கள். ஐந்து விநாடி கழித்து ரிவர்ஸ் போடுங்கள். உரசல் இருக்கக் கூடாது. அடுத்து, காருக்கு முன்னால் யாரும் இல்லாத இடத்தில், ஒரு கால் பிரேக்கில் இருக்க, முதல் கியரில் கிளட்சை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கார் மெல்ல முன்னே நகரப் பார்த்து, வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால் மாஸ்டருக்குள் சீல் அழுத்தத்தை நழுவவிடுகிறது. எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் அது தீராது, மாஸ்டரை மாற்ற வேண்டும்.

பெடல் கெட்டியாக இருந்தும் விடுபடும் இடம் மட்டும் தாழ்ந்திருந்தால் தள்ளுகம்பியின் நீளத்தைச் சரிசெய்யலாம். ஆனால் பெடல் மேலே இருக்கும்போது கம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையே கொஞ்சம் சும்மா ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். அதையும் இறுக்கி எடுத்துவிட்டால் மாஸ்டரின் திரும்புதுளை மூடிக்கொள்ளும். சூட்டில் விரியும் ஆயில் கிண்ணத்துக்குத் திரும்ப முடியாமல் ஸ்லேவைத் தள்ளி, ஓட ஓட கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

மறுநாள் காலை கிண்ணத்தின் மட்டத்தையும் ஸ்லேவின் ரப்பர் உறையையும் ஒரு தடவை பாருங்கள். பாட்டிலில் சேர்ந்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் மூடி, கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் எஞ்சின் ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். மிச்சமிருக்கும் புது ஆயிலை இறுக மூடி, திறந்த தேதியை அதன் மேல் எழுதி வையுங்கள்.