ஐபிஎஃப்எஸ் பொது நுழைவாயில் அமைப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

என் மாமா சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறார். 2001 வாக்கில் தன் கவிதைகளை ஓர் இலவச இணையதளத்தில் தானே ஏற்றி வைத்திருந்தார். நூற்றுக்கும் மேல் இருக்கும். அந்தச் சேவையை நடத்தியவர்கள் ஒருநாள் கடையைச் சாத்திவிட்டார்கள், கவிதைகளும் அதோடு போயின. மிஞ்சியது அலமாரியில் கிடந்த ஒரு சிடி. திறந்து பார்த்தால் எல்லாம் பழைய திஸ்கி குறியீட்டில், திரை முழுக்க ஒரே கிறுக்கல். உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றினோம். இப்போது அவை, பலரின் கணினிகள் சேர்ந்து கோப்புகளை வைத்திருக்கும் ஐபிஎஃப்எஸ் வலைப்பின்னலில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் சாதாரண பிரௌசரில் படிக்கட்டும் என்று நானே ஒரு பொது நுழைவாயிலையும் நடத்துகிறேன். அதை நீங்களும் செய்யலாம் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவர் நம் ஊர் நா. கோவிந்தசாமி. 1995இலேயே செய்து காட்டினார். 1997இல் தமிழ்நெட்97 மாநாடு நடந்ததும் இங்கேதான். அந்தக் காலத்துத் தமிழ்ப் பக்கங்களைத் தேடிப் பாருங்கள். பாதி முகவரிகள் திறக்காது, மனசு கனத்துப் போகும்.

முதலில், இது என்ன?

சாதாரண இணைய முகவரி ஓர் இடத்தைக் காட்டும்: இந்தச் சர்வரில், இந்த அடுக்கில் போய்ப் பார். சர்வர் போனால் பக்கமும் போச்சு. ஐபிஎஃப்எஸ் இடத்தைக் கேட்பதில்லை, பொருளையே கேட்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட ஓர் அடையாளம் உண்டு. அதன் பெயர் சிஐடி. அந்த சிஐடி கொண்ட கோப்பு உலகில் எந்தக் கணினியில் இருந்தாலும், அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். நடுவில் யாராவது ஓர் எழுத்தை மாற்றியிருந்தால் கணக்கு ஒத்துவராது, மென்பொருள் அதை ஏற்காது. ஹுவான் பெனெட் தொடங்கிய புரோட்டோகால் லேப்ஸ் 2015இல் இதை வெளியிட்டது.

2017 ஏப்ரலில் துருக்கி விக்கிப்பீடியாவைத் தடுத்தபோது, துருக்கிய விக்கிப்பீடியாவின் நகலை ஐபிஎஃப்எஸ்ஸில் ஏற்றினார்கள். அந்தத் தடை நீங்கியது 2020 ஜனவரியில்தான். ஒரு சர்வரைத் தடுப்பது எளிது. பல வீடுகளில் பரவிக் கிடக்கும் நகல்களைத் தடுப்பது அப்படி அல்ல.

ஆனால் எல்லோரிடமும் ஐபிஎஃப்எஸ் மென்பொருள் இருக்காதே. அவர்களுக்காக வலைப்பின்னலுக்கும் பிரௌசருக்கும் நடுவில் நிற்பதுதான் நுழைவாயில். ஒன்றை நினைவில் வையுங்கள்: உங்கள் வாசலை அடைக்க முடியும், அது ஒரே முகவரிதான். அடைத்தாலும் உள்ளே இருக்கும் பொருள் அழியாது, வேறு வாசல் வழியாக அதே சிஐடியைக் கேட்டால் கிடைக்கும்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: சர்வரும் டொமைனும்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் வைத்தும் நடத்தலாம். ஆனால் வீட்டு இணைப்பின் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருக்கும், வெளியிலிருந்து வரும் போர்ட்டுகளைத் திறக்கவும் மல்லுக்கட்ட வேண்டும். அதனால் முதல்முறை செய்பவர்கள் சிங்கப்பூர்த் தரவு மையத்தில் ஒரு சிறிய மெய்நிகர் சர்வரை வாடகைக்கு எடுங்கள். 4 ஜிபி நினைவகம் போதும், 8 இருந்தால் நிம்மதி. மாத வாடகையைவிட, எவ்வளவு தரவு வெளியே போகலாம் என்ற வரம்பை முதலில் பாருங்கள். பொது வாசல் என்றால் பில் எகிறுவது அங்கேதான்.

டொமைன் ஒன்று வாங்கி, அதன் பெயரை உங்கள் சர்வரின் ஐபி முகவரியோடு இணைக்கும் மூன்று டிஎன்எஸ் பதிவுகள் போடுங்கள். ஒன்று டொமைனுக்கே. மற்ற இரண்டும் நட்சத்திரப் பதிவுகள்: 'ஐபிஎஃப்எஸ்' துணை டொமைனின் கீழ் வரும் எல்லாவற்றுக்கும் ஒன்று, 'ஐபிஎன்எஸ்' துணை டொமைனின் கீழ் வருபவற்றுக்கு இன்னொன்று. (ஐபிஎன்எஸ் என்பது மாறாத ஒரு பெயரால் கோப்பைக் கேட்கும் வழி, படி 7இல் வரும்.) காரணம் படி 3இல்.

படி 2: குபோவை நிறுவுதல்

குபோ என்பது ஐபிஎஃப்எஸ்ஸின் முதன்மை மென்பொருள். முன்பு கோ-ஐபிஎஃப்எஸ் என்று பெயர். அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி, அதனோடு வரும் நிறுவும் கோப்பை ஓட்டுங்கள். இதற்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் ஓட்ட வேண்டாம். அப்புறம் அந்தக் கணக்கில்:

ஐபிஎஃப்எஸ் இனிட் --புரொஃபைல் செர்வர்

அந்த 'செர்வர்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். முதல் தடவை நான் விட்டுவிட்டேன். குபோ தன் அக்கம்பக்கத்து உள்முகவரிகளை எல்லாம் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தது. நான் வாடகைக்கு எடுத்த நிறுவனத்திலிருந்து, 'உங்கள் சர்வர் எங்கள் வலைப்பின்னலை வேவு பார்க்கிறது, நிறுத்தாவிட்டால் துண்டிப்போம்' என்று மின்னஞ்சல் வந்தது. இந்த ஒரு சொல் அந்தத் தேடலை நிறுத்திவிடும்.

மூன்று போர்ட்டுகள். இங்கே நிதானமாகப் படியுங்கள், சர்வருக்கே உண்மையான ஆபத்து இருக்கும் இடம் இதுதான்.

4001: மற்ற கணினிகளோடு பேசுவது. டிசிபி, யுடிபி இரண்டுக்கும் திறந்து விடுங்கள்.

8080: நுழைவாயில். 127.0.0.1இல், அதாவது அதே சர்வருக்குள் மட்டும் கேட்கட்டும். வெளியே திறக்க வேண்டாம், முன்னால் எஞ்சின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருள் நிற்கப்போகிறது.

5001: நிர்வாகக் கதவு. இதன் வழியாக வருபவர் உங்கள் கோப்புகளைச் சேர்க்கலாம், நீக்கலாம், அமைப்புகளையே மாற்றலாம். எந்தக் காரணத்துக்காகவும் இதை வெளியே திறக்காதீர்கள். ஃபயர்வாலில் அடைத்துவிட்டு, கைப்பேசியின் மொபைல் டேட்டாவிலிருந்து அந்தப் போர்ட்டைத் திறக்க முயன்று பாருங்கள். திறக்கவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்த படி.

சர்வர் மறுபடி எழும்போது குபோவும் தானாக எழ, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியில் ஒரு சேவையாகப் பதிந்து விடுங்கள். ஓட்டும் கட்டளை 'ஐபிஎஃப்எஸ் டீமன் --இனேபிள்-ஜிசி'. கடைசிச் சொல் பழைய இடைக்காலக் கோப்புகளை அவ்வப்போது கூட்டிப் பெருக்கும். நீங்கள் 'பின்' செய்தவற்றை, அதாவது அழிக்காமல் வைத்திரு என்று குறித்தவற்றை, தொடாது. சேமிப்பு வரம்பு இயல்பாக 10 ஜிபி, தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

படி 3: ஆளுக்கொரு துணை டொமைன்

நுழைவாயிலில் திறக்கும் பக்கங்கள் எல்லாம் ஒரே டொமைனின் கீழ் இருந்தால், பிரௌசர் அவற்றை ஒரே வீட்டார் என்று நினைத்துவிடும். ஒரு பக்கம் சேமித்து வைத்ததை இன்னொரு பக்கம் எடுத்துப் படிக்கலாம். ஒவ்வொரு சிஐடிக்கும் தனித் துணை டொமைன் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. குபோவின் அமைப்புக் கோப்பில் 'கேட்வே' பகுதியில் 'பப்ளிக்கேட்வேஸ்' என்பதன் கீழ் உங்கள் டொமைனை எழுதி, 'யூஸ்சப்டொமைன்ஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள். பாதைகளாக ஐபிஎஃப்எஸ், ஐபிஎன்எஸ் இரண்டையும் கொடுங்கள்.

படி 4: எஞ்சின்எக்ஸும் சான்றிதழும்

வரும் கோரிக்கைகளை எஞ்சின்எக்ஸ் வாங்கி 8080க்கு அனுப்பட்டும். அப்படி அனுப்பும்போது 'ஹோஸ்ட்' தலைப்பை மாற்றாமல் அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எந்தத் துணை டொமைனுக்கு வந்த கோரிக்கை என்று குபோவுக்குத் தெரியாது. ஒரே முகவரியிலிருந்து நொடிக்கு இத்தனை கோரிக்கைதான் என்ற வரம்பும் இங்கேயே போட்டுவிடுங்கள்.

எச்டிடிபிஎஸ் இணைப்புக்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. நட்சத்திரச் சான்றிதழ் வேண்டுமென்றால் டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பு மட்டுமே செல்லும். நட்சத்திரம் ஓர் அடுக்குக்குத்தான் பொருந்தும், அதனால் ஐபிஎஃப்எஸ், ஐபிஎன்எஸ் இரண்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். புதுப்பிப்பைத் தானியங்கி ஆக்கிவிடுங்கள்.

எஞ்சின்எக்ஸ் வருகிறவர்களின் ஐபியையும் அவர்கள் படித்ததையும் பதிந்துகொண்டே இருக்கும். நான் அதை அணைத்துவிட்டேன். படிக்க வருபவரின் பெயரை வாசலில் நின்று குறித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: ஐபிஎஃப்எஸ் யாரையும் மறைத்து வைக்கும் வலைப்பின்னல் அல்ல. உங்கள் சர்வர் எதைத் தேடுகிறது என்று மற்ற கணினிகளுக்குத் தெரியும்.

படி 5: யாருக்காகத் திறக்கிறோம்?

இந்த முடிவை எடுக்காமல் வாசலைத் திறக்காதீர்கள். எந்தத் தடையும் இல்லாமல் விட்டால், உலகில் யாரோ ஏற்றிய எதையும் உங்கள் டொமைனின் பெயரில் திறக்கலாம். வங்கியின் முகப்பைப் போலவே செய்த போலிப் பக்கம் உங்கள் முகவரியில் வந்து உட்காரும், புகார் உங்களிடம் வரும். சிங்கப்பூரில் இணையத்தில் பொய்த் தகவல் பரப்புவதைத் தடுக்கும் 2019ஆம் ஆண்டின் பொஃப்மா சட்டமும் 2023ஆம் ஆண்டின் இணையக் குற்றத் தீங்குச் சட்டமும் இருக்கின்றன. நடத்துபவர் அவற்றைப் படித்துத் தெரிந்துகொண்டே தொடங்க வேண்டும்.

அதனால் என் யோசனை இது. முதலில் உங்களிடம் இருப்பதை மட்டும் காட்டும் வாசலாக வையுங்கள்:

ஐபிஎஃப்எஸ் கான்ஃபிக் --ஜேசன் கேட்வே.நோஃபெட்ச் ட்ரூ

இதைப் போட்டால், உங்கள் சர்வரில் இல்லாத எதையும் நுழைவாயில் வெளியே போய் எடுத்துவராது. மாமாவின் கவிதைகள், உங்கள் தமிழ் மன்றத்தின் பழைய ஆண்டு மலர், தாத்தாவின் கடிதங்கள் என்று நீங்கள் வைத்தவை மட்டும் உலகத்துக்குக் கிடைக்கும். எனக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது.

பிறகு எல்லோருக்கும் திறக்க நினைத்தால், தடைப்பட்டியல் கோப்புகளைக் குபோவின் 'டினைலிஸ்ட்ஸ்' அடைவில் வைக்கலாம். 'பேட்பிட்ஸ்' என்ற பொதுப் பட்டியலும் இருக்கிறது. முகப்புப் பக்கத்தில் புகாருக்கென ஒரு மின்னஞ்சல் கொடுத்து, அதைத் தினமும் திறந்து பாருங்கள்.

படி 6: ஏற்றுதல், பார்த்தல், பகிர்தல்

ஐபிஎஃப்எஸ் ஆட் -ஆர் --சிஐடி-வெர்ஷன் 1, பிறகு அடைவின் பெயர்.

வெர்ஷன் 1 கேட்பதற்குக் காரணம், டொமைன் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது. பழைய வகை சிஐடி அந்த வேறுபாட்டை நம்பியிருப்பது. ஏற்றி முடிந்ததும் கடைசி வரியில் வருவதுதான் முழு அடைவின் சிஐடி. ஆட் செய்தாலே பின் ஆகிவிடும்.

இப்போது மெல்பர்னில் இருக்கும் மாமா மகளிடம் அந்த சிஐடியைக் கொடுத்து, அவள் கணினியில் 'ஐபிஎஃப்எஸ் பின் ஆட்' செய்யச் சொன்னேன். இந்த ஒரு வேலையைச் செய்யாவிட்டால், இத்தனை பாடுபட்டும் கவிதைகள் மறுபடி ஒரே சர்வரில்தான் இருக்கும். உங்களுக்கும் குறைந்தது இன்னொருவர் வேண்டும்.

படி 7: திருத்தம் வந்தால்?

போன மாதம் கோப்பிக்கடையில் மாமாவின் கைப்பேசியில் திறந்து காட்டினேன். இரண்டு கவிதை படித்தார். மூன்றாவதில் நிறுத்தி, 'டேய், மழலையை ள போட்டு எழுதியிருக்கே' என்றார். வீட்டுக்கு வந்து அந்த ஒரு 'ள'வை 'ழ' ஆக்கினேன். மறுபடி ஏற்றினால் முழு அடைவின் சிஐடியும் மாறிவிட்டது, பழையதற்கும் புதியதற்கும் ஒட்டுறவே இல்லாத மாதிரி.

ஆகவே மாறாத பெயர் ஒன்று வேண்டும். கவிதைகளுக்கென ஒரு துணை டொமைன் வைத்து, அதன் முன் அடிக்கோடும் 'டிஎன்எஸ்லிங்க்' என்ற சொல்லும் சேர்த்து, டிஎக்ஸ்டி வகையில் ஒரு டிஎன்எஸ் பதிவு போடுங்கள். மதிப்பில் 'டிஎன்எஸ்லிங்க்=' என்று தொடங்கி, ஐபிஎஃப்எஸ் பாதையும் புதிய சிஐடியும் வரவேண்டும். பிறகு நுழைவாயிலில் ஐபிஎன்எஸ் பாதையோடு அந்தத் துணை டொமைனைக் கேட்டால் போதும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் இந்த ஒரு வரியை மட்டும் மாற்றி, புதிய சிஐடியை இரண்டாவது ஆளுக்கும் அனுப்பிவிடுங்கள். பழையதன் 'பின்' குறியை நான் நீக்கவில்லை. மாமா பார்த்துவிட்டு, 'இப்ப சரி' என்று ஒரு வாட்ஸ்அப் அனுப்பினார்.