மாடி அறை வாடகையும் கமிஷன் மீதான ஜிஎஸ்டியும்: மதுரை ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு ஒரு கணக்கு வழிகாட்டி

சித்திரைத் திருவிழா நெருங்கும்போது மாசி வீதிகளிலும் அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் பலர் மாடி அறைகளுக்கு வெள்ளையடித்துப் புக்கிங் தளங்களில் ஏற்றிவிடுகிறார்கள். முதல் மாதப் பணம் வங்கிக்கு வந்தவுடன் அவர்களில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கமிஷன் 15 சதவீதம் என்று சொல்லிவிட்டு, பதினேழரைக்கும் மேலாகப் பிடித்திருக்கிறார்களே, ஏன்? கமிஷன் என்பது தளம் உங்களுக்குச் செய்யும் சேவையின் விலை. அந்தச் சேவைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 100 ரூபாய்க்கு 15 ரூபாய் கமிஷன் என்றால், அந்த 15 ரூபாய்க்கு வரி 2 ரூபாய் 70 காசு, ஆக 17.70 ரூபாய் போகிறது.

கணக்கைத் தொடங்குமுன் இரண்டு வரிகளைத் தனித்தனியே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அறை வாடகையின் மீதான வரி விருந்தினர் கொடுப்பது. கமிஷன் மீதான வரி நீங்கள் கொடுப்பது. என்னிடம் கணக்குக் கேட்க வருபவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டே வருகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறை வாடகைக்கு 5 சதவீதமும், அதற்கு மேற்பட்ட வாடகைக்கு 18 சதவீதமும் ஜிஎஸ்டி ஆகும். அதற்கு முன் 7,500 வரை 12 சதவீதமாக இருந்தது.

ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத, ஜிஎஸ்டி பதிவு எண் இல்லாதவர் தளத்தின் வழியாக அறையை விட்டால், வாடகை மீதான வரியைத் தளமே விருந்தினரிடம் வாங்கி அரசுக்குக் கட்டிவிட வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவு சொல்கிறது. ஆகவே அந்த வரியைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் தளத்தின் வழியாக வராமல், ரயில் நிலையத்திலிருந்து நேரே வந்து கதவைத் தட்டும் விருந்தினரிடம் அவர் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. எண் இல்லாதவர் வரி வசூலிப்பது குற்றம்.

2,000 ரூபாய் அறையை எடுத்துக்கொள்வோம். விருந்தினர் வரி 100 சேர்த்து 2,100 கொடுக்கிறார். கமிஷன் 300, அதன் மீதான வரி 54, ஆக 354 கழிகிறது. 100 ரூபாயைத் தளம் அரசுக்குக் கட்டுகிறது. எண் இல்லாத உங்களுக்கு மிஞ்சுவது 1,646 ரூபாய்.

இதே அறையை ஜிஎஸ்டி எண் உள்ளவர் விட்டால் பணம் வேறு வழியாகச் சுற்றுகிறது. தளம் 2,100 ரூபாயிலிருந்து 354 ரூபாயையும், டிசிஎஸ் (உங்கள் வரிக்காகத் தளமே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் தொகை) என்ற பெயரில் 2,000 ரூபாய்க்கு அரை சதவீதமாக 10 ரூபாயையும் பிடித்துக்கொண்டு, மீதி 1,736 ரூபாயை அனுப்புகிறது. (இந்த டிசிஎஸ் முன்பு 1 சதவீதம், 2024 ஜூலை 10 முதல் அரை சதவீதம்.) அவர் கட்ட வேண்டிய 100 ரூபாய் வரிக்கு அந்த 10 ரூபாய் கழியும், மீதி 90 கட்டினால் கையில் நிற்பது அதே 1,646 ரூபாய். ஆனால் அந்த 10 ரூபாய் தானாகக் கணக்கில் ஏறாது. அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் உள்நுழைந்து, டிசிஎஸ் வரவை ஏற்றுக்கொண்டு தாக்கல் செய்தால்தான் மின்னணு ரொக்கப் பேரேட்டில் (அந்த இணையதளத்தில் உங்கள் பெயரில் இருக்கும் வரிப் பணக் கணக்கில்) அது வரும்.

எண் எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் ஒரே தொகை மிஞ்சுகிறதே என்று வியப்பவர்கள், மதிப்புக் கூட்டு வரி என்ற ஏற்பாட்டையே சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். நம் மாநிலத்தில் 2007 முதல் பொருள்களுக்கு இருந்த 'வாட்' வரியும், 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டியும் ஒரே அடிப்படையில் அமைந்தவை: வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால், சுமை இடையில் இருப்பவர் மீது தங்காமல் கடைசியில் நுகர்பவரிடம் போய்ச் சேரும். அந்தக் கழிவுக்குத்தான் உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். 12 சதவீத வரி இருந்த நாளில், எண் வைத்திருந்தவர் வாடகை மீதான 240 ரூபாய் வரியில் கமிஷன் மீதான 54 ரூபாயைக் கழித்துக்கொண்டு 186 மட்டும் கட்டினார். அவருக்கு 1,700 ரூபாய் நின்றது. இப்போதைய 5 சதவீதம் இந்த வரவு இல்லாத 5 சதவீதம். விருந்தினருக்கு 140 ரூபாய் குறைந்தது உண்மை. எண் வைத்து அறை விடுபவருக்கு இரவுக்கு 54 ரூபாய் செலவு கூடியதும் உண்மை. மாதம் 20 இரவு என்றால் 1,080 ரூபாய், ஆண்டுக்கு 12,960 ரூபாய்.

கமிஷன் வரியைத் திரும்பப் பெறலாம் என்பதற்காகவே 20 லட்சத்துக்குள் இருந்துகொண்டு தாமாக எண் எடுத்தவர்கள் உண்டு. 7,500 ரூபாய்க்குக் கீழேயே அறை விடுபவருக்கு அந்தக் காரணம் இன்று இல்லை. மாதாந்திரத் தாக்கலும் ஆடிட்டர் கட்டணமும் மட்டுமே மிச்சம் என்பதால், எண்ணைத் தொடர்வதா என்று மறுபடியும் யோசிப்பது நல்லது. வேறு தொழிலுக்கு அந்த எண் தேவைப்படுபவர்களுக்கு இது பொருந்தாது.

விலை வைப்பதில் பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. கையில் 2,000 ரூபாய் நிற்க வேண்டும் என்று நினைத்து, அதில் 17.7 சதவீதத்தைக் கூட்டி 2,354 என்று போடுகிறார்கள். தளமோ 2,354 ரூபாய்க்குக் கமிஷன் கணக்கிடுவதால், மிஞ்சுவது ஏறக்குறைய 1,937 மட்டுமே. கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும். 100 ரூபாயில் 82.30 உங்களுடையது என்பதால், 2,000 ரூபாயை 0.823 ஆல் வகுத்தால் வரும் 2,430 ரூபாயே சரியான விலை. உங்கள் தளத்தின் கமிஷன் விகிதம் வேறானால், அதை 1.18 ஆல் பெருக்கி, நூறிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்; வருவதே 100 ரூபாயில் உங்கள் பங்கு. சுத்தம் செய்யும் கட்டணத்துக்கும் சேர்த்துக் கமிஷன் போடும் தளங்களில், வேலைக்கு வரும் அம்மாவுக்கு அப்படியே கொடுத்துவிடும் 300 ரூபாயிலும் 53 ரூபாய் போய்விடும் என்பதையும் விலையில் சேர்க்க வேண்டும்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு விலையை ஏற்றுபவர்கள் 7,500 என்ற கோட்டைக் கவனிக்க வேண்டும். 7,500 ரூபாய்க்கு வரி 375, விருந்தினர் கொடுப்பது 7,875. அதையே 7,600 ஆக்கினால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம் விழுந்து 8,968 ஆகிறது. கமிஷன் கழிக்குமுன் உங்களுக்கு 100 ரூபாய் கூட, விருந்தினருக்கு 1,093 ரூபாய் கூட. மூன்று அறைகளைத் தனித்தனியே 3,000 ரூபாய்க்கு விடுவதும், முழு வீட்டையும் ஒரே அலகாக 9,000 ரூபாய்க்குப் பட்டியலிடுவதும் வரிக் கணக்கில் வேறு வேறு விளைவைத் தரக்கூடும். இதை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கோட்டைத் தாண்டும் இரவுகளுக்கு, எண் உள்ளவர் அந்த விகிதத்துக்கு மட்டும் உள்ளீட்டு வரவு எடுக்கலாம்.

20 லட்ச வரம்பை வங்கிக்கு வரும் பணத்தை வைத்து அளப்பது ஆபத்து. விருந்தினர் கொடுத்த வாடகைதான் விற்றுமுதல். கமிஷன் கழிந்து வங்கியில் 16 லட்சத்து 46 ஆயிரம் சேரும்போதே அது 20 லட்சத்தைத் தொட்டிருக்கும். அதோடு, அதே பேன் எண்ணில் உங்களுக்கு வரும் கடை வாடகையும், வரிவிலக்குப் பெற்ற குடியிருப்பு வாடகையும்கூட இந்த வரம்பில் சேரும். 40 லட்சம் என்ற வரம்பு பொருள் மட்டும் விற்பவர்களுக்கானது. வரம்பைத் தாண்டினால் 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பித்து, எண் கிடைத்த அன்றே அதைத் தளத்தின் கணக்குப் பகுதியில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் தளம் 9(5) பிரிவின்படி வரியைக் கட்டிக்கொண்டேயிருக்கும், நீங்களும் கட்டுவீர்கள்.

ஒவ்வொரு மாதமும் தளம் தரும் கமிஷன் பில்லை இறக்கி வையுங்கள். முறையாகக் கணக்கெழுதி வருமான வரி கட்டுபவர், திரும்பக் கிடைக்காத அந்த 54 ரூபாயையும் சேர்த்து 354 ரூபாயையும் செலவாகக் காட்டலாம். பில் வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரில் வந்து, வரிக்குப் பதில் 'ரிவர்ஸ் சார்ஜ்' என்ற குறிப்பு மட்டும் இருந்தால், எண் உள்ளவர் அந்த 18 சதவீதத்தைத் தாமே ரொக்கப் பேரேட்டின் வழியாகக் கட்ட வேண்டும். பில்லில் வரி இல்லையே என்று மகிழ்ந்துவிட்டு, பிறகு வட்டியோடு கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.